சங்கு ஊதினால் முதலில்

செப்டம்பர் 3, புதன்

நேற்று மாலை கோம்பைக்காட்டில் பெருமழை. மாதன் அண்ணன் போனில் சொன்னார்: “ஓடை ரெண்டு கரையும் தொட்டுப் போவுதுங்க தம்பி.” எங்கள் பெட்டி அனுப்பிய கணக்கு: ஆறு மில்லிமீட்டர். ஈரத்துண்டைப் பிழிந்தாலே அதைவிட அதிகம் வரும்.

இன்றிலிருந்து தேதி போட்டு எழுதிவைக்கிறேன். பொன்னுசாமி சார் நல்ல முதலாளிதான். ஆனால் ஏதாவது தப்பானால், அவர் சொன்னதையெல்லாம் நான் சொன்னதாக மாற்றிவிடுவார்.

பெட்டி என்றால் மழை எச்சரிக்கைப் பெட்டி. நாமக்கல்லில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து செய்தது. அதற்கு நிரல் எழுதியது நான். மலைமேல் அரியூர் நாடு என்கிற பகுதியில், கோம்பைக்காடு என்ற சின்ன ஊரின் சமுதாயக்கூடச் சுவரில் மாட்டியிருக்கிறோம். போன வருடம் ரோட்டை அகலப்படுத்துவதற்காக ஊருக்கு மேலே நிற்கும் மேட்டின் அடியை வெட்டினார்கள். அதற்குப் பிறகு மேட்டின் தலையில் ஒரு வெடிப்பு. கை நுழைகிற அகலம். கீழே வீடுகள். ஒரு பகல் ஒரு இரவுக்குள் பெய்த மழை குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் பெட்டி சங்கு ஊதும். ஊதினால் எல்லோரும் எதிர்மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். இவ்வளவுதான் வேலை.

ஆறு மில்லிமீட்டராம்.

செப்டம்பர் 5, வெள்ளி

நேரில் போனேன். மழைமானியைத் திறந்தால் உள்ளே சிலந்தி. துடைத்தேன். பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். ஒவ்வொரு சொட்டையும் ஒழுங்காக எண்ணுகிறது. மானியில் குறை இல்லை.

மாதன் அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்த் தண்ணீர்த் தொட்டி மோட்டார் போடுகிறவர். சமுதாயக்கூடத்துச் சாவி அவரிடம்தான்.

“ஆட்டுக்குட்டிக்குத் தண்ணி காட்டற மாதிரி காட்டறீங்களே தம்பி. குடிக்குதுங்களா?”

“குடிக்குதுண்ணா. குடிச்சத மறந்துருது. அதான் பிரச்சினை.”

“அப்ப எங்கூட்டு ருக்குமணிக்கு நேரெதிரு. அவ எதையும் மறக்கமாட்டா.”

வீட்டுக்குள்ளிருந்து ருக்குமணி அக்கா, “கேக்குது, கேக்குது” என்றார்.

ஊரில் போன் எடுக்காது. ரோட்டில் பலாமரத்து வளைவுக்குப் போனால்தான் டவர். மேட்டுக்கு நேர்கீழே இருக்கிற வளைவு. பெட்டிக்கு மட்டும் கூரைமேல் உயரமாக ஏரியல் கம்பி கட்டிக் கொடுத்திருக்கிறேன். அது உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசும். மனிதர்கள் நடக்க வேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

மத்தியானத்திலிருந்து மழை. பெட்டியின் திரையில் கூட்டுத்தொகை ஏறிக்கொண்டே இருந்தது. நாற்பது, நாற்பத்தொன்று. முதல் இடி. மாதன் அண்ணன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து மெயினை இறக்கினார். பச்சை விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. திரையில் பூஜ்யம்.

“எதுக்குண்ணா ஆஃப் பண்ணுனீங்க?”

“இடி இடிச்சா மெயினை எறக்கீரோணுமுங்க. எங்கூர்ல எல்லா ஊட்லயும் அப்புடித்தான். போன வருசம் அசால்ட்டா இருந்ததுல மோட்டாரு கருகிப்போச்சு. ஊரே பத்து நாளு கொடம் தூக்குச்சு.”

இடி ஓய்ந்ததும் ஏற்றுகிறார். திரும்ப இடித்தால் இறக்குகிறார். ஒரு மழைக்கு எத்தனை முறையோ. பெட்டிக்குள் பேட்டரி இருக்கிறது. ஆனால் கரண்டிலிருந்து பேட்டரிக்குத் தாவுகிற அந்தக் கணத்தில் சிப் ஒரு முறை செத்துப் பிழைக்கிறது. பிழைக்கும்போது பச்சைப்பிள்ளை. மழையா, எந்த மழை?

சாதாரணத் தூறலில் பெட்டி சரியாக எண்ணும். இடியோடு வரும் பெருமழையில்தான் மறக்கும். கொல்கிற மழையில் மட்டும் மறக்கிற பெட்டி. இதைத்தான் செய்து சுவரில் மாட்டியிருக்கிறோம்.

எரிச்சல் எதில் என்றால் — சிப் செத்துப் பிழைக்கும் என்று எனக்குத் தெரியும். கூட்டுத்தொகை இருக்கும் இடத்துக்கு ‘இதைத் தொடாதே’ என்று குறி போட்டிருக்கிறேன். பேட்டரிக்குத் தாவுகிற கணத்தில் மெமரி அழிவதில்லை, சிப் மட்டும்தான் புதிதாகத் தொடங்குகிறது. பிறகு யார் தொட்டது?

செப்டம்பர் 10, புதன்

தொட்டவன் கிடைத்தான்.

கல்லூரியில் சொன்னது: நீ எழுதும் முதல் வரியில் நிரல் தொடங்கும். பொய். என் முதல் வரிக்கு முன்னால் இன்னொரு சின்ன நிரல் ஓடுகிறது. ஸ்டார்ட்அப் கோடு. சிப் விற்பவன் கொடுக்கும் கோப்பு. எவனும் அதைத் திறந்து பார்ப்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக் கம்பைல் செய்துவிடுகிறோம். நானும்.

இன்று வரிவரியாகப் படித்தேன். கரண்ட் வந்ததும் சிப்புக்கு ஒன்றுமே தெரியாது. ஃப்ளாஷ் மெமரியின் தலையில் இரண்டு முகவரிகள் எழுதியிருக்கும். முதலாவது, ஸ்டாக் எங்கே என்பது — ஒரு வேலையைப் பாதியில் வைத்துவிட்டு இன்னொன்றைப் பார்த்துத் திரும்ப, பாதி வேலையை வைக்கும் இடம். இரண்டாவது, எங்கே போய் ஓட ஆரம்பிக்க வேண்டும் என்பது. அங்கே போனால் ஸ்டார்ட்அப் கோடு காத்திருக்கும்.

அது குடிவரும் முன் வீடு ஒதுங்கவைக்கிற வேலை. நான் ஆரம்ப மதிப்பு கொடுத்தவற்றை — எச்சரிக்கை எல்லை இவ்வளவு, சங்கு இவ்வளவு நேரம் ஊத வேண்டும் — ஃப்ளாஷிலிருந்து எடுத்து, நிரல் ஓடும்போது பயன்படும் மெமரியில் அதனதன் இடத்தில் வைக்கும். மதிப்பு கொடுக்காதவற்றையெல்லாம் பூஜ்யமாக்கும். கரண்ட் வந்த மெமரியில் பூஜ்யம் இருக்காது, குப்பை இருக்கும். அதைக் கூட்டித் தள்ளாவிட்டால் குப்பையையே உண்மை என்று நம்பி நிரல் ஓடும். கடைசியாகக் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டு என் முதல் வரியைக் கூப்பிடும்.

எதிலிருந்து எதுவரை கூட்டுவது என்பதை இன்னொரு கோப்பு சொல்கிறது. மெமரியைப் பங்கு பிரித்து எல்லைக்கல் நடும் கோப்பு. அதில் ‘தொடாதே’ பகுதி, கூட்டித் தள்ளும் பகுதியின் இரண்டு எல்லைக்கல்லுக்கும் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. நான் குறி போட்டதில் தப்பில்லை. விளக்குமாறு குறியைப் பார்ப்பதில்லை, கல்லைத்தான் பார்க்கும்.

அந்தக் கோப்பை எங்கள் பழைய பெட்டி ஒன்றிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டது யார் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

பொன்னுசாமி சாரிடம் சொன்னேன்.

“அடுத்த மாசம் அதிகாரிங்க பாக்க வர்றாங்க. இப்ப எதையும் நோண்டாதே அருளு.”

“சார், மழை வந்தா ஊதாது.”

“மழைதான் இன்னும் வரலீல்ல?”

போனை வைத்துவிட்டேன். மரியாதை இல்லைதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அவரிடம் கேட்காமலே போய் ஏற்றிவிட்டேன். ‘தொடாதே’ பகுதியை எல்லைக்கல்லுக்கு வெளியே தள்ளினேன். ஒரு வரி மாற்றம். மாதன் அண்ணனை மெயினை இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றிக் காட்டச் சொன்னேன். கூட்டுத்தொகை அசையவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

இதுக்குப் போயி ஒரு வாரம்.

செப்டம்பர் 27, சனி

எப்படி எழுதுவது. வெயில். பளீரென்று வெயில். நான்கு நாளாகச் சொட்டு மழை இல்லை. காலையில் கோம்பைக்காட்டில் சங்கு ஊதிவிட்டது.

சமுதாயக்கூடத்துக்கு வரும் லைனில் ஏதோ பழுதாகி இரண்டு நாள் கரண்ட் இல்லை. பேட்டரி முழுசாக இறங்கிப்போனது. இன்று கரண்ட் வந்தது. மெமரி முழுக்கக் குப்பை. பழைய ஸ்டார்ட்அப் கோடாக இருந்தால் கூட்டித் தள்ளியிருக்கும். இப்போது கூட்டாமல் விட்டுவிட்டது, நான்தான் கூட்டாதே என்றேனே. குப்பையில் இருந்த எண் என்ன எண்ணோ, எல்லையைவிடப் பெரியது. என் நிரல் அதைப் பார்த்தது: ஆஹா, பெருமழை.

மரவள்ளிக்கிழங்கை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். ருக்குமணி அக்கா அடுப்பில் சோறு. பள்ளிக்கூடத்து மேட்டில் ஏறி நின்று எல்லோரும் வானத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு மேகம் இல்லை.

செத்துப் பிழைக்கிற சாவுக்கும் முழுச் சாவுக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? மெமரியில் ஓர் அடையாள எண்ணும் சரிபார்ப்புக் கூட்டலும் வைத்து, அவை சரியாக இருந்தால் மட்டும் கூட்டுத்தொகையை நம்பு, இல்லாவிட்டால் பூஜ்யமாக்கு — பத்து வரி. கடைசி பஸ் போயிருமேன்னு விட்டேன். பஸ்ஸு.

செப்டம்பர் 28, ஞாயிறு

பத்து வரியை ஏற்றினேன். ஏற்றி முடிப்பதற்குள் ஊர் கூடிவிட்டது.

“ஏனுங்க எஞ்சினியரு, வெயிலுக்கும் சங்கு ஊதுமுங்களா? அப்ப பனிக்கு?”

“பனிக்கு மேளம் அடிக்குமாமா.”

சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. விளக்க ஆரம்பித்தேன் — மெமரி, குப்பை, பேட்டரி. யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. லாரிக்காரன் காத்திருக்காமல் பாதிச் சுமையோடு போய்விட்டான், அதற்கு என்ன பதில் என்றார் ஒருவர். அடுத்த தடவை ஊதினால் யாரும் எழுந்திருக்கப் போவதில்லை என்றார் இன்னொருவர். வெயில் மண்டையைப் பிளந்தது.

மாதன் அண்ணன்தான் எனக்காகப் பேசினார். “தம்பிக்கு எல்லா விவரமும் போன்லயே தெரியுமுங்க. சங்கு ஊதுனா நான் வளைவுக்குப் போயி ஒரு போனு போட்டுக் கேட்டுப்போடறேன். நெசமுன்னா அங்கிருந்தே துண்டை வீசறேன், நீங்க கெளம்புங்க. பொய்யின்னா வேலையப் பாருங்க. சரிங்களா தம்பி?”

கூட்டம் கலைந்தால் போதும் என்றிருந்தது. சரி என்றேன். தண்ணீர்த் தொட்டிக்கு அடித்த சிவப்புப் பெயிண்ட் மிச்சம் இருந்தது. பெட்டியின் மூடியில் நானே எழுதினேன்: ‘சங்கு ஊதினால் முதலில் அழைக்கவும்’. கீழே என் எண்.

கையெழுத்து நன்றாக வந்திருந்தது.

அக்டோபர் 2, வியாழன்

லீவு. செம்மேட்டில் நான் தங்கியிருக்கும் அறையில் உட்கார்ந்து ஸ்டார்ட்அப் கோப்பை மறுபடி முழுசாகப் படித்தேன். இனி படிக்காமல் எதையும் சேர்ப்பதில்லை.

இன்னொரு அசிங்கம் கிடைத்தது. கடிகாரத்தைச் சரிசெய்யும் இடம். சிப்புக்கு வெளியே இருந்து நேரத் துடிப்பு கொடுக்கும் கிரிஸ்டல் தயாரானதா என்று கேட்கிறது. இல்லை. தயாரானதா? இல்லை. தயாராகும்வரை கேட்டுக்கொண்டே நிற்கிறது. ஈரத்தில் கிரிஸ்டல் போய்விட்டால்? கேட்டுக்கொண்டே நிற்கும். என் முதல் வரி வரவே வராது. விளக்கு எரியும், பெட்டி உயிரோடு இருப்பதுபோல் தெரியும். உள்ளே ஒருத்தன் வராத பதிலுக்காக வாசலிலேயே நின்றுகொண்டிருப்பான்.

எவன் எழுதினான் இதை? எந்தக் காத்திருப்புக்கும் ஓர் எல்லை வைக்க வேண்டும் என்பது முதல் வருடப் பாடம்.

எல்லை வைத்தேன். இவ்வளவு நேரம் பார், வராவிட்டால் சிப்புக்குள் இருக்கும் மட்டமான கடிகாரத்தை வைத்துக்கொண்டு கிளம்பு. மணி கொஞ்சம் தப்பினாலும் பரவாயில்லை, நிற்காதே.

அக்டோபர் 4, சனி

அதையும் ஏற்றிவிட்டேன். இப்போது பெட்டியில் எனக்குத் தெரியாத வரி ஒன்றுகூட இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

சங்கை ஒரு நிமிடம் ஊதவைத்துச் சோதித்தேன், அறையிலிருந்தபடியே. வளைவுக்கு ஓடிப்போய் மாதன் அண்ணன் போன் போட்டார்.

“தம்பி, ஊதுச்சுங்க. நெசமுங்களா?”

“டெஸ்ட்ணா.”

“அப்ப துண்டைத் தோள்லயே போட்டுக்கறேன்.”

திட்டம் வேலை செய்கிறது.

அக்டோபர் 17, வெள்ளி

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். பொன்னுசாமி சார் பெட்டியைவிடப் பெட்டி மேல் இருந்த எண்ணைத்தான் காட்டினார். “இருபத்து நாலு மணி நேரமும் எங்க இஞ்சினியர் லைன்ல இருப்பாருங்க.” அதிகாரி தலையாட்டினார். சார் எனக்குச் சம்பளம் கூட்டித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெடிச்சத்தத்துக்கு நடுவில் கோம்பைக்காட்டிலிருந்து போன். மாதன் அண்ணன் இல்லை, வேறொருவர். “எங்கியோ சங்கு கேட்ட மாதிரி இருந்துச்சுங்க.” இல்லை என்றேன். “நீங்க சொன்னாச் சரிங்க” என்று வைத்துவிட்டார்.

நீங்கள் சொன்னால் சரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 29, புதன்

ரோஸ்லின் அக்காவை செம்மேட்டு பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். கிராம செவிலியர். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று வருடமாக மலை ஏறி இறங்குகிறவர். கோம்பைக்காட்டுக்கு ஊசி போடப் போய்வந்திருந்தார்.

“உன் நம்பர் பெட்டி மேல பளபளன்னு இருக்கே. கல்யாணப் பத்திரிகையா?”

“கிண்டல் பண்ணாதீங்கக்கா. ஏற்பாடு நல்லாத்தான் இருக்கு.”

“நீ குளிக்கப் போயிருந்தா?”

“அஞ்சு நிமிஷம் கழிச்சு எடுப்பேன்.”

“நீ பஸ்ஸுல இருந்தா? அடிவாரம் காரவள்ளியிலேருந்து மேல ஏறுற வரைக்கும் எவனுக்காவது போன் எடுத்து நான் பாத்ததில்ல.”

“அக்கா, பெட்டி ஊதினா அவங்க போகவேண்டியதுதான். என்னைக் கேக்கறது ஒரு மனத்திருப்திக்கு.”

“அது உனக்குத் தெரியுது. அவங்ககிட்டச் சொன்னியா?”

பஸ் வந்துவிட்டது. இவர்கள் எல்லாவற்றிலும் ஓட்டை கண்டுபிடிப்பார்கள். ஊசி போடுகிறவர் ஊசி போட்டால் போதும்.

நவம்பர் 8, சனி

கோம்பைக்காட்டில் நல்ல மழை. எல்லையில் பாதிகூடத் தொடவில்லை, ஊதவில்லை. மெயின் ஏறி இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது, பெட்டி ஒரு மில்லிமீட்டரைக்கூட விடவில்லை. குப்பாயி ஆயாவின் ஓடையோர வயலில் தண்ணீர் நின்றதாக மாதன் அண்ணன் சொன்னார். வெடிப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“மொதல்ல கை போச்சுங்க. இப்ப ஆடு போவுதுங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் பொன்னுசாமி சாருக்குச் செய்தி அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் அனுப்பினார்.

நவம்பர் 16, ஞாயிறு

நாமக்கல்லில் வீடு. நேற்றிலிருந்து மழை விடவில்லை. மலை இருக்கும் திசையில் மலையே தெரியவில்லை, சாம்பல் நிறம்தான் இருக்கிறது. சர்வரில் கூட்டுத்தொகை ஏறுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லைக்கு இன்னும் இடம் இருக்கிறது.

அம்மா, “நாளைக்குப் போகாதேடா” என்கிறார். மலையில் இருந்தால்தான் எனக்கு நிம்மதி. காலையில் முதல் பஸ்.

நவம்பர் 17, திங்கள்

செம்மேடு. மாலை. குளிர்.

மலையேற்றத்தில் பாதி தூரத்துக்கு மேல் ஒரு வளைவில் மரம் சாய்ந்து கிடந்தது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். பஸ்ஸைத் திருப்பவும் வழியில்லை. போனில் டவர் ஒரு கோடுகூட இல்லை. காலை முழுக்க, மத்தியானம் தாண்டியும் அங்கேயே. கண்டக்டரிடம் சண்டை போட்டேன். “மரத்தை நானா சாச்சேன்?” என்றார். இறங்கி நடந்தேன், தண்ணீர் ரோட்டை ஆறாக்கிவிட்டது, திரும்பி வந்து பஸ்ஸிலேயே உட்கார்ந்தேன்.

மரத்தை அறுத்து ஒதுக்கி, மேலே சோளக்காடு ஊரைத் தாண்டியதும் போன் துடிக்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. ‘உங்களை அழைத்தவர்: மாதன் அண்ணன்.’ மறுபடி அதே. மறுபடி. எண்ணவில்லை.

சர்வரைத் திறந்தேன். சங்கு ஊதியிருக்கிறது. சரியான இடத்தில், எல்லையைத் தொட்ட உடனே. அதற்குமுன் மெயின் பல தடவை இறங்கியிருக்கிறது. சிப் ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைத்து, அடையாள எண்ணைச் சரிபார்த்து, கூட்டுத்தொகையை நம்பி, விட்ட இடத்திலிருந்து எண்ணியிருக்கிறது.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அதை எழுதித்தான் ஆக வேண்டும். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம், “வேலை செஞ்சிருச்சுங்க” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு திரும்ப அழைத்தேன். மணி அடிக்கவில்லை. செய்தி அனுப்பினேன்: ‘நிஜம்தான். எல்லாரும் மேலே போங்க.’ ஒரு டிக்.

அந்தப் பக்கம் போகிற ரோட்டை மூடிவிட்டார்கள் என்கிறார்கள். ஏன் மூடினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு டிக்தான்.

நவம்பர் 18, செவ்வாய்

காட்டுவழியாக நடந்து போனேன். ரோஸ்லின் அக்கா பையோடு முன்னால் நடந்தார்.

பலாமரத்து வளைவு இல்லை. பலாமரமும் இல்லை. மேடு இறங்கி வந்து வளைவின்மேல் உட்கார்ந்திருக்கிறது. சிவப்பு மண், பாறை, வேர். வளைவையொட்டிய இரண்டு வீடுகளும் சுவர்வரை மண். பொக்லைன் இன்னும் வரவில்லை, ஆட்கள் மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஊர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. எல்லோரும் இருக்கிறார்கள். ஒருவரைத் தவிர.

குப்பாயி ஆயாதான் சொன்னார். வேறு யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“சங்கு ஊதுச்சு சாமி. நான் ஆட்டை அவுத்துக்கிட்டு அப்பவே மேட்டுக்கு ஏறிப்போட்டேன். எனக்குப் போனும் கெடையாது, அந்த வளைவு வரைக்கும் கண்ணும் தெரியாது. துண்டாம், வீசறாங்களாம், எனக்கு எங்க தெரியப்போவுது? அவிங்க அல்லாரும் வாசல்ல நின்னாங்க. மாதன் ஒனக்குப் போனு போடப் போயிருக்கான், துண்டை வீசுனதும் கெளம்பலாமுன்னு நின்னாங்க.”

“எவ்ளோ நேரம் ஆயா?”

“சங்கு ஊதி ஓஞ்சு, திரும்ப ஊதி ஓஞ்சு, மூணாந்தடவையும் ஊதுச்சு. மழைக்குள்ள நின்னு காதுல போனை வெச்சுக்கிட்டே இருந்தானாம். ருக்குமணி, வந்துரு மாமான்னு கத்துனாளாம். இரு, இப்ப எடுத்துருவாருன்னானாம்.”

எடுத்துருவாருன்னு.

மேடு இறங்கியபோது வாசலில் நின்றவர்கள் ஓடியிருக்கிறார்கள். ஓட இடம் இருந்தது. அவருக்கு இல்லை.

நவம்பர் 19, புதன்

கிடைத்தார். துண்டு தோளிலேயே இருந்தது.

நவம்பர் 22, சனி

பொன்னுசாமி சார் செம்மேட்டுக்கே வந்துவிட்டார்.

“பதிவெல்லாம் பார்த்தேன் அருளு. பெட்டி கரெக்ட்டா ஊதியிருக்கு. நம்ம மேல ஒரு தப்பும் இல்ல. அதையே ரிப்போர்ட்டா எழுதிக் கொடுத்துரு.”

“பெட்டி மேல தப்பில்ல சார்.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

“அந்த நம்பர எழுதுனது நான். அதையும் எழுதிக் குடுக்கறேன்.”

“அது ஊர்க்காரங்க கேட்டதுதானே” என்றார்.

கேட்டார்கள். கேட்டவர்களுக்கு அந்தக் கோப்பைப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். வராத பதிலுக்காக வாசலில் நிற்பவனைப் பார்த்து, எவன் எழுதினான் இதை என்று திட்டி, அதற்கு எல்லை வைத்து, பெட்டியில் ஏற்றி, மூடியை மூடியது நான். மூடியின் வெளிப்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்போதுகூடப் பார்க்கவில்லையே. கண்ணு முன்னாடிதான இருந்துச்சு. செவப்பா.

நவம்பர் 25, செவ்வாய்

எழுதிக் கொடுத்துவிட்டேன், எண்ணையும் சேர்த்து. இன்னும் பதில் இல்லை.

நவம்பர் 30, ஞாயிறு

கோம்பைக்காடு. வளைவுப் பக்கத்து வீடுகளைத் தவிர மற்றவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். வேறு எங்கே போவார்கள்? மிச்ச மேடு அப்படியே நிற்கிறது.

பிளேடும் மண்ணெண்ணெயும் கொண்டுபோயிருந்தேன். பெட்டி மூடியில் இருந்ததைச் சுரண்டினேன். பெயிண்ட் போய்விட்டது. வெயிலில் வெளுத்த தகரத்தில் எழுத்து இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் நிற்கிறது. சாய்ந்து பார்த்தால் என் எண்ணைப் படிக்கலாம். அதன்மேல் ஒரு கோட் பெயிண்ட் அடித்துப் புதிதாக எழுதினேன்: ‘சங்கு ஊதினால் போய்விடவும்’. யாரையும் கேட்கச் சொல்லவில்லை.

குப்பாயி ஆயா வந்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துக் காட்டினேன். “அதான் நான் அன்னைக்கே போனேனே” என்றார்.

மத்தியானம் மேகம் கூடியது. ஊரில் ஒவ்வொருவராக வெளியே வந்து மேட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். தூறல் போட்டது, பிறகு வலுத்தது. திரையில் எண் ஏற ஆரம்பித்தது.

முதல் இடி.

ருக்குமணி அக்கா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். சாவி இப்போது அவரிடம். சுவரோரமாக நான் நிற்பதைப் பார்த்தார். மெயினை இறக்கினார்.

பச்சை விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தது.

இருவருமே திரையைப் பார்த்தோம். எண் அப்படியே இருந்தது. பெட்டி எதையும் மறக்கவில்லை.

அவர் சாக்கை இழுத்து மூடிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார்.